அப்பாவுக்கு உன்மேல் கோபமில்லை

அன்பு மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன மாதம் நீ தொலைபேசியில் பேசியபோது அப்பா "யார் நீ?" என்று சீறியதை நினைத்து நீ இன்னும் வாடுகிறாய் என்று மருமகள் சொன்னாள். அது அவர் பேசியதே இல்லை, கண்ணா. கல்லீரல் நோயால் மூளை குழம்பிப் பேசியது.

குடலில் உண்டாகும் அம்மோனியாவை நல்ல கல்லீரல் யூரியாவாக மாற்றிவிடும். சுருங்கிப்போன அவர் கல்லீரலால் அது முடியவில்லை. அதைத் தாண்டி வேறு வழியாகவும் ரத்தம் ஓடுவதால், அந்த அம்மோனியா மூளைக்கு ஏறிவிடுகிறது.

நான்தான் முன்பே கவனித்திருக்க வேண்டும். காலண்டர் தாளில் பால் கணக்கை முத்து முத்தாக எழுதுவாரே, அந்த வாரம் எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. பகலெல்லாம் தூங்கினார், இரவெல்லாம் விழித்திருந்தார். தெரிந்த மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நான்கு நாளாக மலம் போகாததையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டுமே நோயை முற்றவைக்குமாம். இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மருத்துவர் அப்பாவிடம் கைகளை நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னார். இரண்டு கைகளும் சிறகடிப்பதுபோல் விட்டுவிட்டுத் துடித்தன. எனிமாவும், மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்தும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தெளிந்து, பால்காரருக்குப் பணம் கொடுத்தாயா என்று கேட்டார். உன்னிடம் பேசியது அவருக்கு நினைவே இல்லை. நீயும் நினைவுபடுத்தாதே.

இப்போது நாளுக்கு 2, 3 முறை இளகலாக மலம் போகும்படி லாக்டுலோஸை அளந்து கொடுக்கிறேன். குடலில் அம்மோனியாவை உண்டாக்கும் கிருமிகளைக் குறைக்கும் ரிஃபாக்சிமின் மாத்திரையும் உண்டு. பருப்பை நிறுத்து என்று மாமா சொன்னார். நிறுத்தவே கூடாது, எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தசையும் அம்மோனியாவைக் குறைக்குமாம். அதனால் பருப்பும் தயிரும் தவறுவதில்லை. படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிடவைக்கிறேன். ஸ்கூட்டர் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

ஊரில் சிலர் குடித்திருப்பார் என்கிறார்கள். ஒரு சொட்டு தொட்டவரில்லை. இருபது வருடச் சர்க்கரையும் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பும் செய்த வேலை இது. உன்னிடம் யாராவது கேட்டால் தலைகுனியாமல் சொல்.

ஞாயிறுதோறும் பேசும்போது பேத்தியை அப்பாவிடம் விலங்குகளின் பெயர்களைக் கேட்கச் சொல். ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்கிறார் என்று நீ எண்ணிக்கொள். மருத்துவரும் இப்படித்தான் சோதிக்கிறார். நேற்று அப்பா என்னிடம் 17 சொன்னார். 10-க்குக் கீழே இறங்கினால், எந்த நேரமானாலும் உடனே என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா