இன்சுலின் சீட்டில் யூனிட்டோடு நேரத்தையும் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபத்தொரு வயதாகும் என் தாயார் பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். காலையில் ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுவார். மாவை ஊற்றி, வெந்து, தட்டுக்கு வர அரை மணி நேரம் ஆகும். அவர் போட்டுக்கொண்டிருந்த ரெகுலர் இன்சுலினுக்கு அந்த அரை மணி நேரம் சரியாகப் பொருந்தி வந்தது. சென்ற ஆண்டு மருத்துவர் அதை நிறுத்திவிட்டு, விரைந்து வேலை செய்யும் புதிய வகை ஒன்றை எழுதிக் கொடுத்தார். சீட்டில் மூன்று வேளைக்கும் எத்தனை யூனிட் என்பது மட்டுமே இருந்தது. புது மருந்தைப் போட்டுக்கொண்டு வழக்கம்போலப் பானையை ஏற்றினார். அன்று பார்த்து சிலிண்டர் தீர்ந்துபோக, மாற்றி வைப்பதில் மேலும் கால் மணி நேரம் ஓடிவிட்டது. நான் உள்ளே போனபோது அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியதில் கரண்டி கீழே கிடந்தது. ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 54 காட்டியது; சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டிருந்தது. மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 92 ஆகியிருந்தது.

மருந்திலும் தவறில்லை, அளவிலும் தவறில்லை. 'இதைப் போட்டால் உடனே சாப்பிட வேண்டும்' என்ற ஒரு வரியை மட்டும் யாரும் சொல்லவில்லை. மறுநாள் நாங்கள் போய்க் கேட்ட பிறகே ஒரு செவிலியர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும், இன்சுலின் போட்டுக்கொள்வோர் உள்ள மற்ற வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

புட்டிக்குள் இருக்கும் ரெகுலர் இன்சுலினின் மூலக்கூறுகள் ஆறு ஆறாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. தோலுக்கடியில் போன பிறகு அவை தனித்தனியே பிரிந்தால்தான் ரத்தத்தில் கலக்க முடியும். அதற்காகத்தான் அந்த அரை மணி நேரக் காத்திருப்பு. இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் அதன் வேகம் உச்சத்துக்குப் போய், ஐந்து முதல் எட்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளூலைசின் என்ற புதிய வகைகளில் ஓரிரு அமினோ அமிலங்களை மாற்றி, அந்த ஒட்டுதல் எளிதில் விடுபடும்படி செய்திருக்கிறார்கள். ஆகவே அவை பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கி, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகின்றன. சாப்பாடு தட்டில் இருக்கும்போது போட வேண்டிய ஊசி அது.

கலங்கலாக இருக்கும் என்.பி.எச். இன்சுலின் வேறு கணக்கில் நடப்பது. 1946-இல் டென்மார்க்கில் ஹாகெடோர்ன் என்பவரின் ஆய்வகத்தில் உருவான இந்த வகையில், இன்சுலினோடு புரோட்டமைன் என்ற புரதத்தைச் சேர்த்து, அது மெல்ல மெல்லக் கரையும்படி செய்தார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, நான்கிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உச்சம் அடைந்து, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை நீடிக்கும். இரவு ஒன்பது மணிக்குப் போட்டால் வீடே உறங்கும் ஒன்று, இரண்டு மணிக்கு அது முழு வேகத்தில் இருக்கக்கூடும். நள்ளிரவில் வியர்த்து எழுவதையும் கெட்ட கனவு கண்டு அலறுவதையும் வயதின் தொல்லை என்று விட்டுவிடாமல், அந்த நேரத்தில் ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது.

நம் ஊர்ப் பக்கம் பலரும் போட்டுக்கொள்ளும் 30/70 கலவையில் முப்பது பங்கு ரெகுலர், எழுபது பங்கு என்.பி.எச். காலையில் போடும் அந்த ஒரே ஊசியின் முதல் பகுதி காலை உணவைப் பார்த்துக்கொள்கிறது. பின்பகுதி மதியச் சாப்பாட்டை எதிர்பார்த்து இருக்கிறது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தோ, விரதம் என்றோ மதிய உணவைத் தள்ளிப்போடுபவர்கள் மயங்கி விழுவதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது. மருந்து இறங்குகிற நேரத்துக்குச் சோறு வராவிட்டால் அது சும்மா இருக்காது. போடுவதற்கு முன் புட்டியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும் என்பதையும் பல வீடுகளில் சொல்லித்தரவில்லை. கலக்காமல் உறிஞ்சினால் முப்பதும் எழுபதும் அதே விகிதத்தில் ஊசிக்குள் வருவதில்லை.

முன்பெல்லாம் 'தெளிந்தது வேகமானது, கலங்கியது நிதானமானது' என்ற அடையாளமாவது இருந்தது. கிளார்ஜின் என்ற நீடித்த வகை இன்சுலின் வந்த பிறகு அதுவும் உதவாது. அமிலத்தன்மையுள்ள தெளிந்த திரவமாக உள்ளே போகும் கிளார்ஜின், தோலுக்கடியில் நுண்ணிய படிவாகத் தங்கி, பெரிய ஏற்ற இறக்கமின்றி ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் கரைந்துகொண்டிருக்கிறது. இதை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. டெக்லுடெக் என்ற இன்னொரு நீடித்த வகை 42 மணி நேரத்துக்கும் மேல் நிற்கும். இவை சாப்பாட்டோடு கட்டுண்டவை அல்ல. நாள்தோறும் ஒரே நேரத்தில் போடவேண்டும் என்பதே முக்கியம். ஆனால் வேகமான வகையும் நீடித்த வகையும் இரண்டுமே தண்ணீரைப் போலத் தெளிவாக, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அருகருகே கிடக்கின்றன. படுக்கும்போது இருபது யூனிட் கிளார்ஜின் போடவேண்டியவர், மங்கிய வெளிச்சத்தில் வேகமான அஸ்பார்ட் உள்ள பேனாவை (பேனா வடிவ ஊசியை) எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரவுப் பேனாவுக்கு ரப்பர் வளையம் மாட்டி வைத்திருக்கிறேன்.

ஆகவே மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும், நீரிழிவுக்காரர்களின் வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களிடமும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: இன்சுலின் எழுதும்போதும் கொடுக்கும்போதும், சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்பு போடவேண்டும், எப்போது வேகம் கூடும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற மூன்றையும் நோயாளியின் கையேட்டில் தமிழில் எழுதித் தாருங்கள். வகையை மாற்றினால், பழைய வழக்கத்தில் எதை மாற்றவேண்டும் என்பதை வீட்டில் ஊசி போடுபவரை அழைத்துச் சொல்லுங்கள். கேட்ட மருந்து கடையில் இல்லாதபோது, 'இதுவும் இன்சுலின்தான்' என்று வேறொன்றை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சிராப்பள்ளி.