ஏட்டில் மட்டும் சமனாகும் பட்ஜெட்

ஆசிரியருக்கு வணக்கம்.

வரவுக்கு மேல் ஒரு காசும் செலவழிக்கக் கூடாது என்று மத்திய அரசுகளைக் கட்டுப்படுத்தும் விதியை அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரை வாதிட்டிருந்தது. கடனைப் பற்றிய கட்டுரையாளரின் அச்சம் நியாயமானதுதான். பழைய கடனின் வட்டியைக் கட்டவே புதுக் கடன் வாங்கும் நிலைக்கு ஓர் அரசு வந்துவிட்டால் மீள்வது கடினம். ஆனால் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்தே ஓய்வு பெற்ற எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். பற்றாக்குறை கூடாது என்று சட்டம் வந்தால், செலவு குறைவதற்கு முன்பே கணக்கு எழுதும் முறை மாறிவிடும்.

அமெரிக்கா இதைச் செய்து பார்த்த நாடு. 1985இல் வந்த கிராம்-ரட்மன்-ஹோலிங்ஸ் சட்டம், 1991க்குள் பற்றாக்குறையைப் பூஜ்யமாக்கச் சொன்னது. இரண்டே ஆண்டுகளில் அந்தக் கெடு 1993க்குத் தள்ளிப்போனது. அந்தச் சட்டம் வரப்போகும் ஆண்டின் மதிப்பீட்டைத்தான் அளந்தது. நடப்பு ஆண்டின் செலவு இடையில் எகிறினால் கேள்வி கேட்க ஆளில்லை. அங்கே நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. 1989இல் என்ன செய்தார்கள் தெரியுமா? அக்டோபர் 1 அன்று தரவேண்டிய ராணுவச் சம்பளத்தை செப்டம்பர் 29 அன்றே கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டுக் கணக்கு அழகாக இளைத்தது. ஒரு டாலர்கூட மிச்சமாகவில்லை. 1990ஆம் நிதியாண்டுக்குச் சட்டம் வைத்த இலக்கு 10,000 கோடி டாலர், வந்த பற்றாக்குறை ஏறத்தாழ 22,100 கோடி. சமநிலை பட்ஜெட்டுக்கான அரசமைப்புத் திருத்தம் 1995இல் செனட்டில் ஒரே வாக்கில் வீழ்ந்தது. அது இல்லாமலேயே 1998 முதல் 2001 வரை அந்நாடு உபரி பட்ஜெட் கண்டது என்பதைக் கட்டுரையாளர் ஏனோ குறிப்பிடவில்லை.

பற்றாக்குறைக்கு வரம்பு வைத்த இந்தியாவின் 2003 நிதிப் பொறுப்புச் சட்டமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. உணவு மானியத்துக்கு வேண்டிய முழுத் தொகையை பட்ஜெட்டில் ஒதுக்காமல், மீதியை இந்திய உணவுக் கழகத்தின் பெயரில் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடனாக எடுக்க வைத்தார்கள். கடன் கழகத்தின் ஏட்டில் ஏறியது, பற்றாக்குறை அரசின் ஏட்டில் குறைந்தது. 2021 பட்ஜெட்டில் அந்தப் பாக்கியைக் கணக்குக்குள் கொண்டுவந்தபோது, 2020-21ஆம் ஆண்டுக்கு 1.15 லட்சம் கோடி ரூபாய் என்று போட்டிருந்த உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடியாகிவிட்டது. கொரோனா கால இலவச தானியச் செலவும் அதில் உண்டு என்பது உண்மை. ஆனால் பழைய பாக்கியும் அதற்குள் இருந்தது.

இவற்றைவிடச் சின்ன உத்திகளும் உண்டு. வேலை முடிந்திருக்கும், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவும் ஆகியிருக்கும். ஒப்பந்தக்காரரின் பில் மட்டும் 'விளக்கம் தேவை' என்ற ஒற்றைக் குறிப்போடு நிதியாண்டு முடியும்வரை மேசை இழுப்பறையில் தூங்கும். பணம் கையை விட்டுப் போனால்தான் செலவு என்ற முறையில் கணக்கு எழுதும் வரை அந்தக் கடன் யார் கண்ணிலும் படாது.

உண்மையிலேயே செலவு குறைந்தாலும் எது குறைகிறது என்று பார்க்க வேண்டும். சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வட்டியையும் நிறுத்த முடியாது. ஆகவே பாலத்தின் பராமரிப்பு தள்ளிப்போகும், பள்ளிக் கட்டடம் அடுத்த ஆண்டுக்குப் போகும். மந்தம் வந்து வரி வரவு சரியும்போது, வேலையிழந்தவர்களுக்குச் செலவழிக்க வேண்டிய அந்த நேரத்திலேயே அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதற்காக விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2001இல் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்களித்து ஏற்ற கடன் தடுப்பு விதி நல்ல காலத்தில் உபரியையும் மந்தத்தில் அளவான பற்றாக்குறையையும் எதிர்பார்க்கிறது. ஆண்டுக்கு ஆண்டு சமன் செய் என்று அடம்பிடிப்பதில்லை. ஜெர்மனியின் விதி அதைவிட இறுக்கமானது. கொரோனாவுக்கென அனுமதித்து மீந்த 6,000 கோடி யூரோ கடன் உரிமையை அரசு தட்பவெப்ப நிதிக்கு மாற்றியதை அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாதென்றது. 2025இல் அரசமைப்பையே திருத்திப் பாதுகாப்புச் செலவுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

எனவே என் கோரிக்கை கட்டுரையாளருடையதைவிடச் சிறியது. சமன் செய்யச் சொல்லும் சட்டத்துக்கு முன்னால், எண்ணிக் காட்டச் சொல்லும் சட்டம் வரட்டும். பொது நிறுவனங்களின் பெயரில் வாங்கிய கடன், அரசு கொடுத்த உத்தரவாதங்கள், தராமல் வைத்திருக்கும் பில்கள், நாளைய ஓய்வூதியப் பொறுப்பு ஆகியவற்றை நிதியமைச்சருக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பு கணக்கிட்டு, பட்ஜெட் நாளன்றே வெளியிட வேண்டும். உங்கள் பட்ஜெட் சிறப்பிதழில் பற்றாக்குறைச் சதவீதத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே இந்த நான்குக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். தொகை கிடைக்காத இடத்தில் 'அரசு தரவில்லை' என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர் ஒருவர்