மக்களே, ஜன்னலைத் திறந்து வை

தக்கலை
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மக்களே,

பக்கத்து வீட்டு மாமியின் மகன் நாளைக்கு பெங்களூர் வண்டி ஏறுகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் பையையும் கொடுத்துவிடுகிறேன். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் எடுத்து வைத்து இன்னொரு தடவையாவது படிப்பாய். பையில் முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் இருக்கின்றன. பேப்பரில் பொதிந்திருப்பது உன் பறவைகள் கொத்துவதற்குக் கணவாய் ஓடு, முட்டம் கரையில் நானே பொறுக்கியது. உப்புப் போக ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். கூட்டுக்கு ஒன்றாகக் கட்டு. ஒரே ஓட்டை எல்லாக் கூட்டுக்கும் மாற்றிக் கட்டாதே.

உன் காக்டெயில் கிளி குட்டனின் கால்விரல் ஆறிவிட்டதா? நீ பொன்னனைத் திட்டி மூடிப் போட்டதாக அம்மா சொன்னாள். அது பொன்னன் வேலை இல்லை. அவன் சன் கனூர் கிளி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும், கொத்தவும் வரும். ஆனால் நீ அனுப்பிய படத்தில் காயம் விரலின் அடியில் இருக்கிறது. வெளியே விட்டதும் குட்டன் போய் உட்காருவது ராணியின் கூட்டு மேல்தானே? உள்ளே இருந்து கம்பி வழியாக அவள்தான் கவ்வியிருப்பாள். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் பார்க்கச் சின்னதுதான், ஆனால் அதற்குப் பெரிய பறவை சின்னப் பறவை என்று கணக்கே கிடையாது. காக்டெயில் பெரும்பாலும் சாது, திருப்பிக் கடிப்பது குறைவு. அதனால் குட்டன் வெளியே இருக்கும்போது ராணியின் கூட்டு மேல் ஒரு தடித்த அட்டையைப் போடு, கம்பியில் கால் படக்கூடாது. மூன்று கூட்டையும் ஒட்டி வைக்காதே. ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கவே வைக்காதே. வெளியே விடுவதென்றால் ஒருவர் உள்ளே போன பிறகு அடுத்தவர். சிநேகமாகிவிடுவார்கள் என்று எல்லாரையும் ஒன்றாக விட்டுப் பார்க்காதே. சில பறவைகள் கடைசி வரை சேராது. அது நீ வளர்த்த குறை இல்லை.

ராணி இப்போது இவ்வளவு மூர்க்கமாக இருப்பதற்குக் காரணம் அந்த மண்கலயம். கலயம் தொங்கினால் அது தன் வீடு, பக்கத்தில் வருகிறவர்கள் எல்லாரும் எதிரிகள். காகிதத்தை நீளநீளமாகக் கிழித்து இறகுக்குள் செருகுகிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அதுதான் அடையாளம், முட்டைக்குத் தயாராகிறாள். முட்டை இல்லாத இந்த நேரத்திலேயே கலயத்தைக் கழற்றிவிடு. காகிதமும் கொடுக்காதே. சாயங்காலம் ஆறு, ஆறரைக்கெல்லாம் துணி போட்டு மூடி, பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூங்கவிட்டால் தானாக அடங்கும். குட்டன் கூட்டுப் பக்கம் மட்டும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். காக்டெயில் நடு ராத்திரியில் திடுக்கிட்டு அடித்துக்கொண்டு இறக்கையைக் கிழித்துக்கொள்ளும்.

பொன்னன் கத்தும்போது ஓடிப் போகாதே, ஓயும்போது போய்ப் பேசு. அவனை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்துவிட்டாயா? இந்த மாதிரி வெளிநாட்டுப் பறவைகளைப் பதியச் சொல்லி 2024-ல் வந்த விதி, அவன் வகை அந்தப் பட்டியலில் இருக்கிறது. பில்லைத் தொலைக்காதே. புதிதாக எதுவும் வாங்காதே. வாங்கியே தீருவேன் என்றால் ஒரு மாதமாவது வேறு அறையில் தனியாக வைத்துப் பார். வேண்டாம், இப்போது வாங்கவே வேண்டாம்.

தோசைக்கு நாங்கள் கொடுத்த இரும்புக்கல்தானே? நான்ஸ்டிக் சட்டி காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவையைக் கொன்றுவிடும். ஜன்னலைத் திறந்து வை. வலை அடித்துவிட்டுத் திற, பறந்துவிடப் போகிறது. குளிர் என்று மூடியே வைக்காதே.

சரி, தூசி விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப் மேல் வெள்ளையாகப் படிகிறது, துடைத்தால் மறுநாள் திரும்ப வருகிறது என்றாய். அது தெருத்தூசி இல்லை, குட்டனுடைய இறகுப் பொடி. காக்டெயிலுக்கு உடம்பிலேயே பொடி இறகு உண்டு, அது உதிர்ந்துகொண்டே இருக்கும். கூட்டைத் துடைப்பத்தால் கூட்டாதே, ஈரத்துணியால் துடை. துடைக்கும்போது மாஸ்க் போடு, துணி மாஸ்க் போதாது, என்95 வாங்கு. குட்டனுக்குத் தினமும் தண்ணீர் தெளித்துக் குளிக்க வை, பொடி குறையும். கூடு உன் படுக்கையறையில் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே ஹாலுக்கு மாற்று.

மக்களே, வெள்ளிக்கிழமை நீ அம்மாவோடு பேசும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பேச்சுக்கு நடுவே போனைத் தள்ளிப் பிடித்து இருமுகிறாய். அம்மா பெங்களூர்க் குளிர் என்று சொல்லி, காய்ச்சிக் குடிக்கச் சுக்குப்பொடியும் வைத்திருக்கிறாள். நான் பேசாமல் இருந்தேன். ஏனென்றால் போன தடவை இருமல் என்று வாய் திறந்ததும் அம்மா "எல்லாத்தையும் வித்துத் தொலை" என்றாள், நீ அப்புறம் எத்தனை நாள் பேசவில்லை என்று உனக்கே தெரியும்.

பொங்கலுக்கு இங்கே இருந்த நாள்களில் நீ இருமவே இல்லை. கம்பிளிப் போர்வைகூட இல்லாமல் திண்ணையில் படுத்தாய். திரும்பிப் போன கொஞ்ச நாளில் மறுபடி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை கூடு கழுவினால் ராத்திரி உடம்பு காய்கிறது, திங்கள்கிழமை சரியாகிவிடுகிறது என்று அண்ணன் வீட்டு மயினியிடம் சொன்னாயாம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பாட்டாவின் கடைசி மார்கழி உனக்கும் ஞாபகம் இருக்கும்.

ஓணத்துக்கு நீ வராதது லீவு கிடைக்காததால்தானா? மெலிந்திருப்பதை அம்மா பார்த்துவிடுவாள் என்று வராமல் இருந்துவிட்டாயா? அண்ணன் தோவாளைக்குப் போய்ப் பூ வாங்கி வந்தான், அத்தப்பூ போட்டது நான்தான். உன்னைப் போல எனக்கு வரவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்தவனுக்கு இது தெரியும். புறா வளர்த்தவர்களையும் கோழிப்பண்ணைக்காரர்களையும் இந்த மாதிரி இருமலோடு பார்த்திருக்கிறேன். பொடியை நெஞ்சு ஏற்காமல் போனால் நுரையீரல் உள்ளே வீங்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துப் பொடியிலிருந்து விலகினால் பெரும்பாலும் சரியாகும். ஆண்டுக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பாகி இறுகிவிடும், பிறகு பழையபடி ஆகாது. கிளிக்காய்ச்சல் என்று ஒரு கிருமி நோயும் உண்டு, அதற்கு மாத்திரை இருக்கிறது. எது என்று நானோ நீயோ சொல்ல முடியாது, நெஞ்சு டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் அவரிடம் நீ பறவை வளர்க்கிறாய் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவர் சளி என்றோ அலர்ஜி என்றோ சிரப் எழுதி அனுப்பிவிடுவார். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் பறவை விஷயத்தைச் சொல்லி, சிடி ஸ்கேன் வேண்டுமா என்று கேள். மூன்று பறவை, அதில் ஒன்று காக்டெயில், வீடு சின்னது, ஜன்னல் மூடியே இருக்கும் என்று அப்படியே சொல்.

குட்டனைக் குஞ்சாக இருக்கும்போது சிரிஞ்சில் கஞ்சி ஊட்டி, ராத்திரி அலாரம் வைத்து எழுந்து வளர்த்தவள் நீ. அதை நான் இங்கே சொல்லாத ஆளில்லை. அவன் விரலுக்காக ராத்திரியில் ஆட்டோ பிடித்துப் பறவை டாக்டரைத் தேடினாய். உன் நெஞ்சுக்கு ஒரு பகல் லீவு போட முடியாதா?

விற்றுவிடு என்று நான் சொல்லமாட்டேன். அம்மா சொன்னதை மனதில் வைக்காதே, அவளுக்குப் பயம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. டாக்டர் தள்ளி இருக்கச் சொன்னால் நான் புறப்பட்டு வந்து மூன்றையும் கூட்டி வருகிறேன். கிணற்றடிச் சாய்ப்பில் மூன்று பக்கமும் வலை அடித்துத் தருவதாக அண்ணன் சொல்லிவிட்டான். ராணிக்குக் கிழக்கு ஓரம், குட்டனுக்கு மேற்கு ஓரம், நடுவில் பொன்னன். முருங்கைக்கீரை, பச்சைமிளகாய், செந்துழுவன் பழம் எல்லாம் இங்கே கிடைக்கும். சாரலுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொள்ளலாம்.

கன்னிப்பூ நெல் அறுப்பு தொடங்கிவிட்டது. மயினிக்கு இப்போது பரவாயில்லை. மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

இந்த வாரமே டாக்டரிடம் போ. ஜன்னலைத் திற. கூட்டை மாஸ்க் இல்லாமல் தொடாதே. டாக்டர் எழுதித் தந்த சீட்டைப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்பு. அம்மாவுக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா