கோடியக்கரைப் பக்கம் கலைஞர்கள் தங்க ஒரு வீடு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவில், உப்பளங்களை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அதன் கூரையைப் பிய்த்துப் போட்டது. சுவரும் முற்றமும் திண்ணையும் இன்னும் உறுதியாக நிற்கின்றன. அதைச் சீர்செய்து, ஓவியர்களும் சிற்பிகளும் புகைப்படக் கலைஞர்களும் ஒரு மாதம் தங்கி, இந்தக் கடற்கரையைப் பார்த்துப் பார்த்து வேலை செய்யும் இடமாக்க முனைந்திருக்கிறோம். வீட்டுக்காரர்கள் பத்து ஆண்டுகளுக்கு வாடகையில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதிக்கு உங்களிடம் வருகிறோம்.

ஏன் ஒரு மாதம்? பூநாரை பார்க்க வருகிறவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கரை ஒரு நாளில் பிடிபடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு நீர் ஏறும்போது ஒன்று, வற்றி மூச்சுவேர்கள் சேற்றில் குத்திட்டு நிற்கும்போது வேறொன்று. மழை ஓய்ந்து, தை பிறந்து, உப்பளத்தில் பாத்தி மிதிக்கத் தொடங்கினால் நிலத்தின் நிறமே மாறிவிடும். சங்கப் புலவர் ஒருவர் மணலில் படரும் அடும்பங்கொடியின் இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்டார். இரண்டையும் நின்று நிதானமாகப் பார்த்த கண் அது. இங்கே அடும்பும் இருக்கிறது, முறுக்குக் கொம்புள்ள வெளிமானும் இருக்கிறது. அப்படிப் பார்க்க அவகாசம் தருவதுதான் எங்கள் நோக்கம்.

டெல்டா என்றால் நெல்லும் கோயிலும் என்றே பேச்சு. திருவையாற்றில் இசைக்கு விழா உண்டு, சுவாமிமலையில் காவிரி வண்டலில் அச்செடுத்தே ஐம்பொன் சிலை வார்க்கிறார்கள், கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரியும் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்து, காவிரி முடிகிற இந்தக் கடலோரத்தில் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய ஓர் அறைகூட இல்லை. இது எங்களுக்கு நெடுநாள் வருத்தம். உப்பளத் தொழிலாளர் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் அருமையாக வரையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கள் ஊரைச் சுவரில் மாட்டி அவர்கள் பார்த்ததே இல்லை.

ஆகவே ஒவ்வொரு மாதமும் தங்குகிற நால்வரில் ஒருவராவது டெல்டாக்காரராக இருப்பார். வாரம் ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைய வேண்டும். கிளம்பும்போது ஒரு படைப்பை ஊருக்கு விட்டுப் போக வேண்டும். காற்றும் நீரோட்டமும் சொல்லித்தரும் மூத்த மீனவர்களுக்கும், பாத்தியில் கூட்டிப்போய்க் காட்டும் தொழிலாளர்களுக்கும் அன்றன்றைக்கே கூலி கொடுப்போம். அவர்கள் அறிவை இலவசமாக வாங்க எங்களுக்கு மனமில்லை. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானதாகப் பட்டியலிடப்பட்ட ஈரநிலம். எனவே வனத்துறை அனுமதியில்லாமல் யாரும் உள்ளே போகமாட்டார்கள். ட்ரோனுக்கு இடமே இல்லை.

செலவுக்கு வருவோம். கூரைக்கும் தரைக்கும் கழிப்பறைக்கும் 4 லட்சம் ரூபாய், முதல் பருவத்தின் சாப்பாடு, கூலி, வண்ணம், தாளுக்கு 2 லட்சம். உப்புக் காற்றில் இரும்பு நிற்காது என்பதால் பனைமரச் சட்டமான பனங்கையும் நாட்டு ஓடும்தான் போடுகிறோம். நிலத்தடி நீர் உவர்ப்பு. மழைநீர்த் தொட்டியும் அந்தக் கணக்கில்தான். ஊருக்குள் இதுவரை ஒன்றரை லட்சம் சேர்ந்திருக்கிறது. பெரும்பகுதி நூறும் இருநூறுமாக வந்தது.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பழைய வீடு பிரித்தவர்கள் ஓடு தரலாம். சம்பா அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை நெல் தந்தால் ஒரு மாதச் சாப்பாட்டுக் கவலை தீரும். தச்சர்கள் இரண்டு நாள் உழைப்பைத் தரலாம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம்மவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் இப்போது வாங்க இயலாது. அதற்கு மத்திய அரசின் அனுமதி தேவை. மனம் வருந்த வேண்டாம், ஒரு முறை வந்து பிள்ளைகளோடு வரைந்துவிட்டுப் போங்கள்.

ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவு மாதாமாதம் அந்த வீட்டுத் திண்ணையில் எழுதி ஒட்டப்படும். யாரும் கேள்வி கேட்கலாம்.

ஐப்பசி மழைக்கு முன் கூரை வேய்ந்தாக வேண்டும். அதனால் ஆவணி முடிவதற்குள் உங்கள் பங்கை அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
குழுவினர், வேதாரண்யம்