எமிலியாவுக்கு ஒரு பத்தியாவது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த, ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒதெல்லோவுக்கு மனைவி மீது சந்தேகம் மூட்டி அவளைக் கொல்ல வைக்கும் இயாகோவின் சூழ்ச்சியை இழை இழையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் அந்த மனைவி டெஸ்டிமோனாவை ‘வாயில்லாப் பூச்சி’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாரே, அதுதான் உறுத்துகிறது.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவளால் எதுவுமே செய்ய முடியாது, பேச்சில்கூட எதிர்க்க முடியாது என்று 1904இலேயே விமர்சகர் ஏ. சி. பிராட்லி எழுதிவிட்டார். அதற்கும் வெகு முன்பு, 1610இல், ஆக்ஸ்ஃபோர்டில் நாடகம் பார்த்த ஹென்றி ஜாக்சன் லத்தீனில் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. டெஸ்டிமோனா நன்றாகத்தான் நடித்தாளாம். ஆனாலும் கொல்லப்பட்டுக் கட்டிலில் கிடந்தபோதுதான் மனத்தை இன்னும் உருக்கினாளாம். (வேடம் கட்டியவன் ஒரு பையன் என்பது வேறு கதை.) செத்த பிறகுதான் இவர்களுக்கு அவளைப் பிடிக்கிறது!

முதல் அங்கத்தைத் திரும்பப் படிக்கட்டும். நள்ளிரவில் வெனிஸ் ஆட்சி மன்றம் கூடியிருக்கிறது. மகளை ஒதெல்லோ மருந்து வைத்து மயக்கிவிட்டான் என்று தந்தை குற்றம் சாட்டுகிறார். அத்தனை ஆண்கள் நடுவில் நின்று அவள் பதில் சொல்கிறாள்: என் அம்மா தன் தந்தையைவிட உங்களைப் பெரிதாக நினைத்தாரே, அதுபோல எனக்கு இனி இவர்தான். அதோடு விட்டாளா? சைப்ரஸுக்குக் கணவனோடு நானும் போவேன் என்று கேட்டு வாங்குகிறாள். இப்படிப்பட்டவள் நான்காம் அங்கத்தில், ஊரார் முன் கணவனிடம் அறை வாங்கிக்கொண்டு, ‘இதற்கு நான் எதுவும் செய்யவில்லையே’ என்பதோடு நின்றுவிடுகிறாள். எது அவளை இப்படி ஆக்கியது என்பதல்லவா விமர்சகர் கேட்க வேண்டிய கேள்வி?

இயாகோவின் மனைவியும் டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணுமான எமிலியா கட்டுரையில் ஒரே இடத்தில்தான் வருகிறாள், இயாகோ பொய்ச் சாட்சியாக்கிய டெஸ்டிமோனாவின் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தவளாக. ஒதெல்லோ கட்சி, இயாகோ கட்சி என்று விமர்சகர்கள் பிரிந்து கிடந்தபோது எமிலியாவின் பக்கம் நின்று எழுதினார் கரோல் தாமஸ் நீலி. நானும் அந்தக் கட்சிதான். மனைவி தவறினால் அது கணவனின் குற்றம், எங்களுக்கும் கண்ணும் மூக்கும் உண்டு, இனிப்பும் புளிப்பும் தெரியும் என்று எமிலியா பேசும் பகுதி, 1622இல் தனி நூலாக வந்த குவார்ட்டோ பதிப்பில் இல்லை, 1623இல் வந்த ஃபோலியோ தொகுப்பில் இருக்கிறது. எமிலியா ஒன்றும் அப்பழுக்கற்றவள் அல்ல. கைக்குட்டை எங்கே போயிற்று என்று டெஸ்டிமோனா கேட்டபோது, தெரியாது என்று கூசாமல் பொய் சொன்னவள். அதனால்தான் கடைசிக் காட்சி அவ்வளவு கனக்கிறது. வீட்டுக்குப் போ என்று இயாகோ விரட்ட, நான் இனி வீட்டுக்கே போகாமல் இருந்தாலும் இருப்பேன் என்கிறாள். உண்மையைச் சொல்லிவிட்டுக் கணவன் கத்தியால் சாகிறாள்.

அடுத்த இதழில் கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் இவளுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
திருச்சி.