செயலாளர் ஆண்டறிக்கை 2023–24: டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் பருவம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். டெட்ராய்ட் புறநகர்களில் வாழும் தமிழ் பேசும், லயன்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர்களின் இம்மன்றத்துக்காக, 2023 செப்டம்பர் முதல் 2024 ஏப்ரல் வரையிலான காலத்தின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமாக மன்ற நடவடிக்கைகளே அறிக்கையின் பெரும்பகுதியாக இருக்கும். இவ்வாண்டு அணி ஆடிய ஆட்டம் அந்த வழக்கத்தை மாற்றிவிட்டது.

நம்மில் பெரும்பாலோர் கார் நிறுவனங்களில் பணியாற்ற இவ்வூருக்கு வந்தவர்கள் என்பதால், இவ்வணியின் பழைய வரலாறு நாம் நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்ததன்று. புதிய உறுப்பினர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930இல் ஒஹையோ மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் என்னும் சிற்றூரில் ஸ்பார்ட்டன்ஸ் என்ற பெயரில் அமெரிக்கக் கால்பந்தின் தேசியக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.இல் சேர்ந்த அணியை, டெட்ராய்டின் வானொலி நிலைய உரிமையாளர் ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் ஏறத்தாழ 8,000 டாலருக்கு வாங்கி, 1934இல் இங்கே கொண்டுவந்து லயன்ஸ் என்று பெயர் மாற்றினார். பேஸ்பால் மோகம் கொண்ட ஊரில் புதிய அணிக்குக் கூட்டம் சேர்க்க, அவ்வாண்டு நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி கூறும் விடுமுறை நாளில் சிகாகோ பேர்ஸ் அணியோடு ஆட்டம் வைத்து, அதை நாடு முழுவதும் வானொலியில் ஒலிபரப்பவும் செய்தார். ஆட்டம் தோல்விதான்; ஆனால் இரண்டாம் உலகப் போர்க்கால ஆண்டுகள் நீங்கலாக, அந்த வழக்கம் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

1935, 1952, 1953, 1957 ஆகிய ஆண்டுகளில் லயன்ஸ் கூட்டமைப்பின் சாம்பியன் ஆனது. அவற்றுள் 1957ஐ மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முதன்மைக் குவார்ட்டர்பேக் பாபி லேன் கால் முறிந்து விலகிய பின், டோபின் ரோட் தலைமையில் அணி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சென்று ஃபோர்ட்டி நைனர்ஸ் அணியைச் சந்தித்தது. பாதி ஆட்டத்தில் 24–7 என்று பின்தங்கியிருந்த நம் வீரர்களுக்கு, ஓய்வறைச் சுவருக்கு அப்பாலிருந்து எதிரணியினர் வெற்றியை முன்கூட்டியே கொண்டாடும் ஆரவாரம் கேட்டதாம். அந்த ஆட்டத்தை 31–27 என்று வென்று திரும்பிய அணி, இறுதி ஆட்டத்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியை 59–14 என்று வீழ்த்தியது. அதற்குப் பின் 2023 பருவம் தொடங்கும் வரை, பருவத்துக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றில் நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. 1992 ஜனவரியில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியை 38–6 என்று வென்றது. 1997இல் நம் வீரர் பேரி சாண்டர்ஸ் 2,053 யார்டு ஓடியதும் இந்த நீண்ட வறட்சிக்கு நடுவில்தான். 2008இல் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றதும் அதற்குள்தான்.

டான் கேம்பல் 2021இல் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஆண்டில் அணி மூன்று ஆட்டங்களே வென்றது. அந்தப் பருவம் தொடங்கும் முன்தான், பன்னிரண்டு ஆண்டுகள் இங்கு ஆடிய குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்து, அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும், கல்லூரி வீரர்களை ஆண்டுதோறும் வரிசைப்படி எடுக்கும் வருங்காலத் தேர்வு உரிமைகளையும் பெற்றிருந்தோம். ஸ்டாஃபோர்ட் அங்கே முதல் பருவத்திலேயே கூட்டமைப்பின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வென்றபோது, நாம் ஏமாந்துவிட்டோம் என்றே ஊர் பேசியது. அந்த உரிமைகளில் ஒன்றான 2023ஆம் ஆண்டின் ஆறாவது தேர்வை அரிசோனா அணிக்கு மாற்றிக் கொடுத்து, அதன் வழியாக ஜமீர் கிப்ஸ், சாம் லபோர்ட்டா என்னும் இரு இளம் வீரர்களை நம் நிர்வாகம் எடுத்தது. அந்தப் பேரத்தின் பயன் இப்பருவத்தில் கண்கூடாகத் தெரிந்தது. கிப்ஸ் 945 யார்டு ஓடினார். லபோர்ட்டா 86 பந்துகளைப் பிடித்தார்.

செப்டம்பர் 7 அன்று நடப்பு சாம்பியனான கேன்சஸ் சிட்டியை அதன் சொந்த மைதானத்தில் 21–20 என்று வென்று பருவம் தொடங்கியது. இங்கே நான்காவது டவுன் பற்றி, ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு சொல். பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பந்தை உதைத்து அனுப்புவதோ, ஃபீல்டு கோலுக்கு முயன்று மூன்று புள்ளி எடுப்பதோ பொதுவழக்கம். கேம்பல் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படுபவர் அல்லர். கேன்சஸ் சிட்டியில் நம் பக்கத்து 17ஆம் யார்டுக் கோட்டிலேயே, உதைப்பதுபோல் காட்டிவிட்டு ஓடச் செய்தார். நவம்பரில் சார்ஜர்ஸ் அணியுடன் 38–38 என்று சமநிலையில் இருந்தபோது, ஃபீல்டு கோலை உடனே அடிக்காமல் நான்காவது டவுனில் லபோர்ட்டாவுக்குப் பந்தை எறியச் செய்து, எதிரணிக்கு நேரமே மிச்சம் வைக்காமல் 41–38 என்று வென்றார். டிசம்பர் 24 அன்று மினசோட்டாவில் கிடைத்த 30–24 வெற்றியோடு, 1993க்குப் பின் முதன்முறையாகப் பிரிவுப் பட்டம் நமதாயிற்று. 12 வெற்றி, 5 தோல்வி என்று பருவம் முடிந்தது. டிசம்பர் 30 அன்று டாலஸில் நம் டெய்லர் டெக்கர் இரு கூடுதல் புள்ளிக்காகப் பிடித்த பந்து செல்லாது என நடுவர்கள் அறிவித்து, 20–19 என்று தோற்றது இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஜனவரி 14 அன்று நம் சொந்த மைதானமான ஃபோர்டு ஃபீல்டில், எதிர் அணியில் ஸ்டாஃபோர்டே நிற்க, ராம்ஸை 24–23 என்று வென்றோம். 32 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பிளேஆஃப் வெற்றி இது. அன்று மன்றக் கூடத்துக்கு நாம் அழைத்திருந்தவர்களில், கார் தொழிற்சாலையில் வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரும் இருந்தார். கடைசி நிமிடத்தில் காஃப் முழங்காலிட்டு நேரத்தைக் கரைத்தபோது அனைவரும் எழுந்து கத்தினோம். அவர் மட்டும் உட்கார்ந்தபடியே தம் நீலத் தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஊற்றி வைத்த தேநீர் ஆடை கட்டிப்போயிருந்தது. மறுவாரம் டாம்பா பே அணியை 31–23 என்று வென்றோம்.

சூப்பர் பவுலுக்கு முந்திய ஜனவரி 28 ஆட்டம் பற்றி இரண்டு உறுப்பினர்கள் எழுத்துமூலம் கருத்துத் தெரிவித்திருப்பதால், அதற்கு விடை கூறுவது என் கடமை. 1957இல் நம் அணி பின்தங்கியிருந்த அதே 24–7 என்ற கணக்கில், அதே ஃபோர்ட்டி நைனர்ஸ் அணியை விட இம்முறை பாதி ஆட்டத்தில் நாம் முன்னணியில் இருந்தோம். முடிவில் 34–31 என்று தோற்றோம். எதிரணியின் 28ஆம் யார்டிலும், பின்னர் 30ஆம் யார்டிலும், ஃபீல்டு கோலை விடுத்து நான்காவது டவுனில் முயன்றது தவறு என்பது அவ்விரு உறுப்பினர்களின் வாதம். முதல் முயற்சியில் பந்து நம் ஜோஷ் ரெனால்ட்ஸின் கைக்கு வந்து நழுவியது, தீர்மானம் பிழையன்று. நம் தடுப்பாளரின் முகக்கவசத்தில் பட்டு எகிறிய பந்தை எதிரணியின் ஐயுக் பிடித்து 51 யார்டு பெற்றதும், அடுத்து கிப்ஸிடம் கைமாறும்போது பந்து தவறியதும் எந்தப் பயிற்சியாளரும் திட்டமிட முடியாதவை. செப்டம்பரிலும் நவம்பரிலும் நாம் கைதட்டி வரவேற்ற துணிவையே ஜனவரியில் குற்றமாகச் சொல்வது நியாயம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. மாற்றுக் கருத்து உடையவர்கள் விவாதத்தில் பேசலாம். அவர்களுடைய கடிதங்கள் இணைப்பில் உள்ளன.

ஏப்ரல் இறுதியில் டெட்ராய்டில் நடந்த வீரர் தேர்வு விழாவுக்கு மூன்று நாட்களில் 7,75,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். நம் உறுப்பினர்கள் பலரும் குழந்தைகளோடு சென்று வந்தனர். அதே வாரத்தில் நம் வீரர்களான செயின்ட் பிரவுனும் பெனெய் சூவலும் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மன்றத்தின் வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். டாலஸ் ஆட்டத்தன்று கூடத்தில் இணைய இணைப்பு அறுந்து மூன்றாம் கால்பகுதி முழுவதும் தவறிப்போனதால், வரும் பருவத்துக்கு வேறு கூடம் பார்க்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. ஆட்ட விதிகளைத் தமிழில் விளக்கும் வகுப்பொன்றை ஆகஸ்டில் நடத்தவும் முன்மொழிகிறேன்.

இவ்வறிக்கையையும் இம்முன்மொழிவையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்