கம்பெனி பெயரிலா, உன் பெயரிலா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா கொடுத்தனுப்பிய இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் வாடாமல் வந்து சேர்ந்ததா? போனில் நீ சொன்னதை இரண்டு நாளாக மனதுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன். வாடகைக்கு விட காட்பாடியில் ஒரு வீடு, அதை வாங்கப் புதிதாக ஒரு பிரைவேட் லிமிடெட். வீடு சரி. காலேஜ் பிள்ளைகளும், சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கொல்கத்தாவிலிருந்து வருகிறவர்களும் இருக்கிறவரை இந்த ஊரில் வாடகைக்கு ஆள் கிடைக்கும். கம்பெனிதான் இடிக்கிறது.

வாடகை வந்தாலும் வராவிட்டாலும் கம்பெனிக்கு வருஷா வருஷம் ஆடிட் உண்டு, கம்பெனிப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் உண்டு. ஒற்றை வீட்டு வாடகையில் ஆடிட்டர் ஃபீஸ் போக என்ன மிஞ்சும்? மிஞ்சுவதும் நேராக உன் கைக்கு வராது. முதலில் கம்பெனி வரி கட்டும். அப்புறம் நீ டிவிடெண்டாக, அதாவது லாபப் பங்காக, எடுத்தால், 2020 முதல் அது உன் வருமானத்தில் சேர்ந்து அதற்கும் வரி. கடன் கொடுக்கிற பேங்கும் டைரக்டர் என்று உன்னிடம் ஜாமீன் கையெழுத்து கேட்கும். கடன் கம்பெனியோடு போய்விடும் என்றாயே, அது அங்கேயே அடிபட்டுவிடுகிறது.

முதலில் உன் பெயரில் வாங்கிப் பிறகு கம்பெனிக்கு மாற்றலாம் என்றும் நினைக்காதே. மறுபடி முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 3,60,000 ரூபாய் காணாமல் போகும்.

நான் பத்திரம் எழுதிய காலத்தில் இரண்டு நண்பர்கள் வந்தார்கள். அட்வான்ஸ் கொடுத்த அக்ரிமெண்டில் கம்பெனி பெயர். சான்றிதழைப் பார்த்தால் கம்பெனி பிறந்ததே அதற்கு 19 நாள் கழித்து. அதற்குள் விற்கிறவருக்கு வேறு பார்ட்டி கிடைத்துவிட்டது. "இல்லாத கம்பெனிக்கு நான் என்னத்த எழுதிக் கொடுத்தேன்?" என்று என் மேஜையிலேயே சிரித்தார். அட்வான்ஸைத் திரும்ப வாங்க அவர்கள் ஒரு வருஷம் அலைந்தார்கள்.

நீயும் உன் சிநேகிதியும் சேர்ந்து நாலைந்து வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் சங்கதி வேறு. ஒருத்தி விலகினால் ஷேரை மாற்றினால் போதும், பத்திரத்தைத் தொட வேண்டாம். ஆனால் யார் பணம் எவ்வளவு, விலகுகிறவளுக்கு என்ன விலை என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் அதை எழுத முடியும்.

தாய்ப்பத்திர நகலை அனுப்பு. 30 வருஷ வில்லங்கம் நான் போட்டுப் பார்க்கிறேன். நேற்று அந்தத் தெருப் பக்கம் போனேன். மே மாதம் போரில் தண்ணீர் வருமா என்று எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். வருமாம், ஆனால் உப்பு.

அன்புடன்,
அப்பா